வெயில் ஊரில் ஹீட்டர் வால்வு

சிங்கப்பூரில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள், டிசம்பர் மழையில் ஏசி இல்லாத மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரில் நான்கு பேராக ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். ஜன்னல்களை ஏற்றிவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரம், மழையில் குளிர்ந்த முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து மங்கலாக்கிவிடும். 25 டிகிரி செல்சியஸில் ஈரம் நிறைந்த காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 43 சதவீதத்துக்கு இறங்கும். அந்தக் காற்றைக் கண்ணாடி மேல் ஊதினால் படிந்த ஈரத்தை அது வாங்கிக்கொள்கிறது. வியர்க்கத்தான் செய்யும், ஆனால் சாலை தெரியும்.

மற்ற நாட்களில் அதே ஹீட்டர் பெருந்தொல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடேறியதும் அதில் ஒரு பகுதி, ரப்பர் குழாய் வழியே டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சிறிய ரேடியேட்டருக்குள் ஓடி, தண்ணீர் பம்புக்குத் திரும்புகிறது. வெப்பநிலை வேறுபாடு எவ்வளவோ, வெப்பமும் அவ்வளவு விரைவாகப் பாயும். 80 டிகிரியில் கொதிக்காத குறையாக ஒரு பெட்டி முழங்காலருகே இருந்தால், விசிறியே ஓடாவிட்டாலும் அனல் அடிக்கும். இதைத் தடுப்பது, பல பிரிட்டிஷ் கார்களில் சிலிண்டர் ஹெட்டின் (எஞ்சினின் மேற்பகுதி) மேல் பொருத்தப்பட்டு, ஹீட்டருக்குப் போகும் கூலன்டை அடைக்கும் ஒரு சிறிய வால்வுதான். குளிர்நாட்டில் அது லேசாகக் கசிந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே உடனே தெரிந்துவிடும்.

அது கெடுவதற்கு நம் பழக்கமும் ஒரு காரணம். உறைபனி இல்லாத ஊர்தானே என்று பலர் வெறும் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். கூலன்டில் இருப்பது உறைவுத்தடுப்பு மட்டுமன்று, துருத்தடுப்பும்தான். அது இல்லாவிட்டால் வார்ப்பிரும்பு துருப்பிடித்துச் சேறாகும். பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறி, துளை விழுந்த செம்பு மிஞ்சும். போதாக்குறைக்கு, 35 ஆண்டு கடந்த கிளாசிக் கார்கள் இங்கே ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களே சாலைக்கு வருகின்றன. அசையாத வால்வு இறுகிவிடுகிறது.

வால்வை மாற்றுவது கடினமான வேலையன்று, அவசரம்தான் கெடுக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். கூலன்டை ஹெட்டுக்குக் கீழே இறங்கும்வரை பாத்திரத்தில் பிடியுங்கள். சாலையோர வடிகாலில் ஊற்றினால் அது நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேரலாம். இறுகிய ரப்பர் குழாயை முறுக்கி இழுக்காதீர்கள்: மறுமுனையில் ஹீட்டரோடு ஈயப்பற்று வைத்த உலோகக் குழாய் பெயர்ந்தால், பத்து வெள்ளி (டாலர்) ரப்பர் குழாயை மிச்சப்படுத்தப் போய் டாஷ்போர்டையே கழற்ற நேரும். கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதிதைப் போடுவதே மலிவு. துருவேறிய போல்ட்டுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். வால்வுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கட்டை முற்றிலும் சுரண்டி எடுங்கள். புது வால்வில் அம்புக்குறி இருந்தால் அதுவே நீரோட்டத்தின் திசை.

கூலன்ட் நிரப்பும்போது வால்வு திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். எஞ்சின் சூடானதும் வால்வை மூடிச் சற்று நேரம் கழித்து, அதற்கு அடுத்த ரப்பர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். அது இன்னும் சுட்டால் புது வால்வின் மீது பழி போடுமுன், டாஷ்போர்டிலிருந்து அதை இயக்கும் கேபிளைக் கவனியுங்கள். டாஷ்போர்டிலுள்ள நெம்புகோல் கடைசிவரை போயும் வால்வின் கை பாதியில் நின்றிருக்கும். கேபிள் உறையைப் பிடித்திருக்கும் கிளிப்பைத் தளர்த்தி, சற்றுத் தள்ளி இறுக்கினால் போதும்.