பங்க் டேங்க் கசிஞ்சு கிணத்துல பெட்ரோல் வாடை வந்தா: எதைக் கேக்கணும், எதுல கையெழுத்துப் போடக்கூடாது

கிணத்துத் தண்ணியில பெட்ரோல் வாடை அடிக்குதுன்னு மனு கொடுத்தவங்க கைக்கு கடைசியில பெரும்பாலும் ஒரே ஒரு பேப்பர்தான் வருது, "நீர் மாதிரி பரிசோதிக்கப்பட்டது, குடிக்க உகந்தது"ன்னு. அந்தப் பேப்பர்ல பொய் இல்ல, அதான் எரிச்சலே. அவங்க பாத்தது பிஎச், டிடிஎஸ், கடினத்தன்மை, இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி. பெட்ரோல்ல இருக்கற பென்சீனை யாரும் தேடவே இல்ல, தேடாதது எங்கேருந்து ரிப்போர்ட்ல வரும்?

சட்டத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு. வாடை வர்ற கிணத்துக்குள்ள தீக்குச்சி, விளக்கு எதையும் காட்டாதீங்க, ஆளை இறக்காதீங்க, கிணத்துக்குள்ள மோட்டார் இருந்தா சுவிட்ச் போடாதீங்க. ஆவி சேந்து நின்னா ஒரு பொறி போதும். அந்தத் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, காய்ச்சறப்போ பென்சீன் வீட்டுக்குள்ள ஆவியா பரவும். குளிக்கறதையும் நிறுத்துங்க. பென்சீன் புற்றுநோய் வரவைக்கற பொருள், இதுல சந்தேகத்துக்கு இடமே இல்ல.

இப்ப சட்டம், சுருக்கமா. 2025 ஜூலையில மத்திய அரசு, 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ, மாசடைஞ்ச இடங்களை என்ன பண்றதுன்னு தனி விதிகள் கொண்டுவந்துச்சு. உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ சந்தேகமான இடத்தை மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லணும், வாரியம் 90 நாளுக்குள்ள முதல் கட்ட ஆய்வு பண்ணணும், அதுல சந்தேகம் உறுதியானா அடுத்த மூணு மாசத்துல விரிவான ஆய்வு, அப்புறம் காரணமானவங்க செலவுல சுத்தப்படுத்தறது. சுத்தப்படுத்தி முடிக்க மட்டும் கெடு எதுவும் வைக்கல, பாத்துக்கோங்க. இதுக்கு முன்னாடியே 2020 ஜனவரியில மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் புது பெட்ரோல் பங்க்குகளுக்கு வழிகாட்டுதல் போட்டுச்சு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, குடியிருப்புலேருந்து 50 மீட்டர்னு சொல்றது அதுதான். நிறையப் பேர் இந்த 50 மீட்டரைப் பிடிச்சுக்கிட்டே மாசக்கணக்கா அலையறாங்க. உங்க ஊர் பங்க் அதுக்கு முன்னாடி வந்ததுன்னா அந்த வாதம் நிக்காது. தூரத்தை விடுங்க, கசிவைப் பிடிங்க.

ஆபீஸ்ல முதல்ல கேக்கற பதில் "எண்ணெய்க் கசிவு இந்த விதியில வராதுங்க". விதியில விலக்கு இருக்கறது கடல்ல எண்ணெய் கொட்டறது, சுரங்க வேலை, கதிரியக்கக் கழிவு, குப்பைக்கிடங்கு இதுங்களுக்கு, ஏன்னா அதுக்கெல்லாம் தனிச் சட்டம் இருக்கு. பூமிக்கடியில பெட்ரோல் டேங்க் கசியறது அந்த நாலுல எதுலயும் இல்ல. "எந்த விலக்குன்னு எழுதிக் கொடுங்க சார்"னு கேளுங்க, பேச்சு மாறும்.

இந்த விஷயத்துல ஜெயிக்கறதும் தோக்கறதும் சாம்பிள்லதான், அதனால இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன். மனுவுல "தண்ணியைப் பரிசோதிக்கணும்"னு பொதுவா எழுதாதீங்க. "பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன், எம்டிபிஇ, நாஃப்தலீன், மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்"னு பேர் பேரா எழுதுங்க, இதெல்லாம் பெட்ரோல், டீசல்லேருந்து தண்ணிக்கு வர்ற பொருளுங்க. சில சமயம் எண்ணெய் மட்டும் பாத்துட்டு அளவுக்குள்ள இருக்குன்னு முடிச்சிடுவாங்க. நம்ம குடிநீர் தரம் ஐஎஸ் 10500ல கனிம எண்ணெய்க்கு எல்லை லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை 0.01 மில்லிகிராம், அதாவது அம்பதுல ஒரு பங்கு. எண்ணெய் டெஸ்ட்ல பாஸான தண்ணி பென்சீன்ல தாராளமா ஃபெயில் ஆகும்.

எடுக்கற விதமும் முக்கியம். பழைய கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல பாதி ரொப்பி வெயில்ல பைக்ல கொண்டுபோனா பென்சீன் போற வழியிலேயே பறந்துடும். லேப் கொடுக்கற சின்ன கண்ணாடிக் குப்பியில காத்துக்குமிழி இல்லாம விளிம்பு வரைக்கும் நிரப்பி, மூடி, ஐஸ்ல வெச்சுக் கொண்டுபோகணும். மாடி டேங்க் குழாயில பிடிக்கறது வேஸ்ட், மேல ஏறி விழுறதுலயே ஆவி போயிடும். என்ஏபிஎல் (லேபுகளுக்குத் தரச்சான்று தர்ற தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேபா பாருங்க, அந்த அங்கீகாரம் பென்சீனுக்கும் இருக்கான்னு தனியா கேளுங்க, சிமெண்டுக்கு மட்டும் வாங்கி வெச்சிருப்பாங்க.

அதிகாரி வந்து எங்கிருந்து எடுக்கறார்னு கூடவே நின்னு பாருங்க. பங்க் வளாகத்துல இருக்கற அவங்க ஆழ்துளைக் கிணத்துலேருந்து எடுத்துட்டு சுத்தமா இருக்குன்னு எழுதிட்டுப் போறது ரொம்ப சகஜம். பெட்ரோல் தண்ணியில மிதக்கும், கீழ 300 அடியிலேருந்து இழுக்கற போர்ல அது கிடைக்காம போகலாம், ஆனா பக்கத்து திறந்த கிணத்து மேல்மட்டத்துல இருக்கும். அதோட நிலத்தடி நீர் ஒரு திசையில நகர்ந்துட்டே இருக்கும், மேட்டுப் பக்கத்துக் கிணத்துல எடுத்தா ஒண்ணும் வராது. எந்தப் பக்கம் நகருதுன்னு கணக்குப் போட குறைஞ்சது மூணு கிணத்து நீர்மட்டமாவது வேணும். அதனால ஒரு வெள்ளைத்தாள்ல பங்க், சுத்தியிருக்கற கிணறுங்க, ஒவ்வொண்ணுக்கும் தூரம், எதுல வாடை இருக்கு எதுல இல்லன்னு வரைஞ்சு மனுவோட வைங்க. வாடை இல்லாத கிணத்தையும் போடணும், அதுதான் திசையைக் காட்டும். மண்ணும் அப்படித்தான், மேல மம்முட்டியால ஒரு கொத்து எடுத்தா என்ன தெரியும்? டேங்க் அடி இருக்கற ஆழத்துலயும் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலயும் துளை போட்டு எடுக்கணும். கோடையில ஒரு தடவை, மழைக்கப்புறம் ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்க, மட்டம் ஏறி இறங்கறப்போ மண்ணுல ஒட்டியிருந்தது திரும்பக் கரையும்.

"தண்ணி மேல மினுங்கறது எண்ணெய் இல்ல, இரும்பு பாசி"ன்னு ஒரு பதிலும் வரும். சில இடத்துல அது உண்மையும்கூட. குச்சியால தொட்டுப் பாருங்க, கண்ணாடி மாதிரி துண்டு துண்டா உடைஞ்சா அவங்க பாசின்னு சொல்ற இரும்பு பாக்டீரியா, விலகி உடனே திரும்பக் கூடிக்கிட்டா எண்ணெய். டீசலா இருந்தா வாடை கம்மியாத்தான் வரும், வாடை இல்லன்னு விட்டுடாதீங்க.

அடுத்தது பந்து விளையாட்டு. பங்க்காரர் டேங்க் கம்பெனியோடதும்பார், பல இடத்துல அது நிஜம்தான். கம்பெனி, நடத்துறவர் டீலர்தானேங்கும். ஸ்டாக் கணக்குல குறையே இல்லன்னு ரெஜிஸ்டரை நீட்டுவாங்க. ஆவியா போறது, அளவு வித்தியாசம்னு கணக்குல ஒரு சலுகை உண்டு, சொட்டு சொட்டா போற கசிவு அதுக்குள்ளயே அடங்கிடும், ரெஜிஸ்டர் சுத்தமா இருக்கறதால டேங்க் சுத்தம்னு ஆகாது. டேங்க் அழுத்தச் சோதனை ரிப்போர்ட் கேளுங்க. பஞ்சாயத்து தாலுகா ஆபீஸைக் காட்டும், தாலுகா மாசு வாரியத்தைக் காட்டும், வாரியம் லைசென்ஸ் கொடுத்தது வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, அங்க போங்கன்னு சொல்லும். இந்த வட்டத்துல சுத்தாதீங்க. ஒரே மனு, ஒரே தேதி, கலெக்டர், மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர், உள்ளாட்சி, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, எண்ணெய்க் கம்பெனி, டீலர் எல்லாருக்கும் ஸ்பீட் போஸ்ட்ல போகட்டும், நகல் யார் யாருக்குன்னு கீழ எழுதியிருக்கட்டும். திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கொடுத்தா மனு நம்பர் வாங்காம நகராதீங்க. 90 நாள் கணக்கு காட்ட அந்தத் தேதிதான் ஆதாரம். ஒரு மாசம் சத்தமே இல்லன்னா 10 ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போடுங்க, நடவடிக்கை என்னன்னு பொதுவா கேக்காம, ஆய்வு அறிக்கை நகல், சாம்பிள் எடுத்த இடம், டெஸ்ட் பண்ண பொருட்கள் பட்டியல்னு ஆவணமா கேளுங்க.

நிறையப் பேர் ஏமாறறது பணத்துல. வாரியம் கம்பெனிக்கு போடற சுற்றுச்சூழல் இழப்பீடு உங்க கைக்கு வராது, அது அரசு கணக்குக்குப் போறது. "அவ்ளோ லட்சம் போட்டாச்சே"ன்னு பேப்பர்ல பாத்து காத்திருந்து வருஷம் போயிடுது. உங்க கிணறு, பயிர், மருத்துவச் செலவுக்கு நீங்கதான் தனியா தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துல (சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கற தனி கோர்ட்) கேக்கணும், தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கு. அந்தத் தீர்ப்பாயத்தோட 2010 சட்டத்துல பிரிவு 15ல நஷ்டஈடு கேக்க அஞ்சு வருஷம், பிரிவு 14ல மத்த உத்தரவு கேக்க வெறும் ஆறு மாசம், ரெண்டுக்குமே தகுந்த காரணம் காட்டினா இன்னும் 60 நாள்தான். அந்தக் கெடு, வழக்குக்கான காரணம் முதல்ல உருவான நாள்லேருந்து ஓடும். இங்கதான் மனு எழுதிக் கொடுக்கறவர் உருக்கமா இருக்கட்டும்னு "பத்து வருடங்களாக அவதியுற்று வருகிறோம்"னு ஒரு வரி சேத்துடுவார், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரியே போதும். எப்ப வாடை வந்துச்சு, எப்ப லேப் ரிப்போர்ட் வந்துச்சு, நடந்த தேதியை மட்டும் எழுதுங்க.

பட்டா யார் பேர்லன்னு கேட்டு வாடகைக்காரங்களைத் திருப்பி அனுப்பறாங்க. பாதிக்கப்பட்டவர் யாரும் கேக்கலாம்னு பிரிவு 18 சொல்லுது. கட்டணம் குறைஞ்சது 1000 ரூபா, நஷ்டஈடு கேட்டா கேக்கற தொகையில 1 சதவீதம், அதனால ஆசைக்கு கோடியில போடாதீங்க. வறுமைக்கோட்டுக்குக் கீழ இருந்தா கட்டணமே கிடையாது. பெண்கள், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல எழுதிக் கொடுத்தா போதும். டேங்க்தான்னு இல்ல, பூமிக்கடி பைப் கசிஞ்சாலும் இதே வழிதான். 2013ல தண்டையார்பேட்டையில போர் தண்ணியில எண்ணெய் வந்தப்போ அது பைப்லைன் கசிவு, அதுவும் இந்தத் தீர்ப்பாயத்துக்குத்தான் போச்சு.

விஷயம் சூடாச்சுன்னா பங்க் ஆளுங்களே வந்து கிணத்தை இறைச்சு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தர்றேம்பாங்க. சாம்பிள் எடுக்கற வரைக்கும் விடாதீங்க. ராத்திரியோட ராத்திரியா டேங்க்கைத் தோண்டி மாத்தினா குழியையும் லாரியில போற மண்ணையும் தேதி தெரியற மாதிரி போட்டோ எடுங்க, அந்த மண்ணுதான் சாட்சி. அப்புறம் தண்ணி லாரி வரும். தண்ணியை வாங்கிக்கோங்க, அது உங்களுக்குச் சேர வேண்டியதுதான், ஆனா நீட்டற ரசீதுல "குறை முழுமையாக நிவர்த்தி செய்யப்பட்டது, வேறு கோரிக்கை இல்லை"ன்னு கீழ பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும். அதை அடிச்சுட்டு, தேதி, எத்தனை லிட்டர்னு மட்டும் எழுதி கையெழுத்துப் போடுங்க, அடிக்க விடலன்னா கையெழுத்தே போடாதீங்க.