51 மணி நேரத்துக்கு 531 ரூபா: விரிதாள் திகதியையும் நேரத்தையும் எப்படிப் பார்க்கிறது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட உள்ள ஒரு பேக்கரிக்கு நான் பகுதிநேரமாகக் கணக்குப் பார்க்கிறேன். இரவு எட்டு மணிக்கு வந்து மா குழைத்து, விடிய நாலரைக்குப் பாணை வண்டியில் ஏற்றிவிட்டுப் போகிற பெடியள் ஆறு பேர். கொப்பியில் இருந்த வரவுப் பதிவை எக்செலுக்கு மாற்றியது நான்தான், ஆகவே முதல் வாரச் சம்பளத் தாளில் வந்த பிழையும் என்னுடையதுதான். ஆறு இரவு, இரவுக்கு எட்டரை மணி, மொத்தம் 51 மணி, மணிக்கு 250 ரூபா. தாளில் விழுந்திருந்தது 531 ரூபா 25 சதம். மொத்த நேரம் என்ற இடத்தில் 3:00 என்று இருந்தது.

"அண்ணை, இதென்ன பகிடியோ?" என்றான் ஒருவன்.

பகிடி இல்லை. கணினி சரியாகத்தான் கணக்குப் பார்த்திருந்தது. அது எதைக் கணக்குப் பார்க்கிறது என்பது எனக்குத்தான் விளங்கவில்லை.

திகதி எழுதிய ஒரு கலத்தை எடுத்து, அதன் வடிவமைப்பைச் சாதாரண எண் என்று மாற்றிப் பாருங்கள். 14/04/2025 என்று இருந்தது 45761 ஆகிவிடும். அந்த எண்தான் உள்ளே இருக்கிறது, நாள், மாதம், ஆண்டு, சாய்கோடு எல்லாம் மேலே மாட்டிய உடுப்பு. 1900 ஜனவரி 1 ஐ ஒன்று என்று வைத்து, அன்றிலிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டே வந்தால், எக்செலின் கணக்கில் 2025 சித்திரைப் புத்தாண்டு 45761 ஆவது நாள். இரண்டு திகதிகளுக்கு இடையில் எத்தனை நாள் என்று கேட்டால் விரிதாள் நாட்காட்டியைப் புரட்டுவதில்லை, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது, அவ்வளவுதான்.

நாள் ஒன்று என்றால் மணித்தியாலம்? இருபத்துநான்கில் ஒரு பங்கு. நண்பகல் 0.5, பின்னேரம் ஆறு மணி 0.75. புத்தாண்டன்று இரவு ஏழரைக்குக் கொழும்பு பஸ் வெளிக்கிடுகிறது என்று எழுதினால் உள்ளே பதிவது 45761.8125. புள்ளிக்கு முன்னால் நாள், பின்னால் நாளின் பங்கு.

இதை வைத்துக்கொண்டு பேக்கரிக்குத் திரும்பி வாருங்கள். 51 மணி என்பது எக்செலுக்கு 2.125 நாள். நான் அதை நேரே 250 ஆல் பெருக்கினேன், 531.25 வந்தது. அதாவது மணிக்கு 250 என்று நான் நினைத்த சம்பளத்தை அது நாளுக்கு 250 என்று எடுத்துக்கொண்டது. முதலில் 24 ஆல் பெருக்கி, பிறகு 250 ஆல் பெருக்கினால் 12,750, பெடியனின் முகமும் சரியானது. 3:00 என்று வந்ததும் இதே கதைதான். சாதாரண நேர உடுப்பு என்பது சுவர்க்கடிகாரம் மாதிரி, 24 ஐத் தாண்டினால் திரும்பவும் பூச்சியத்தில் தொடங்கும், 2.125 இல் இருந்த இரண்டு முழு நாளையும் விழுங்கிவிட்டு மிச்சம் 0.125 ஐ, அதாவது மூன்று மணியை, மட்டும் காட்டும். வடிவமைப்பில் மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் 51:00 என்று முழுதாக வரும். இந்தச் சதுர அடைப்புக்குறியை யாரும் சொல்லித்தராமல் தானாகக் கண்டுபிடித்தவர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இரவு வேலைக்கு இன்னொரு சில்லெடுப்பு இருக்கிறது. இரவு எட்டு 0.8333, விடிய நாலரை 0.1875. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் மறை எண் வரும், எக்செல் மறை நேரத்தைக் காட்டத் தெரியாமல் கலம் முழுக்க ##### என்று வேலி அடைத்துவிடும். நிரலை எவ்வளவு அகலமாக்கினாலும் அந்த வேலி போகாது. கழித்து வருவதை மொட் என்ற சார்புக்குள் போட்டு 1 ஆல் வகுத்த மீதியைக் கேட்டால் −0.6458 என்பது 0.3542 ஆகும், அதுதான் எட்டரை மணி. சில பேர் திகதியையும் நேரத்தையும் ஒரே கலத்தில் எழுதிவிடுவார்கள், அதுவே எனக்குப் பிடித்த முறை. நடுச்சாமத்தைக் கடப்பது பற்றி யோசிக்கவே தேவையில்லை, ஏனென்றால் அடுத்த நாளின் எண் எப்போதும் பெரியது.

சரி, 1900 இல் ஒரு பழைய பிழை புதைந்து கிடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால்தான் நெட்டாண்டு. 2000 நெட்டாண்டு, 1900 இல்லை. ஆனால் 1983 இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் 1900 ஐ நெட்டாண்டு என்று எடுத்துக்கொண்டது. பிறகு வந்த எக்செல், லோட்டஸ் கோப்புகளைத் திறக்க வேண்டும் என்பதற்காக, தெரிந்துகொண்டே அந்தப் பிழையை அப்படியே வைத்துக்கொண்டது. இன்றைக்கும் ஒரு கலத்தில் 60 என்று எழுதித் திகதியாக மாற்றினால் 1900 பெப்ரவரி 29 என்று, உலகத்தில் விடியாத ஒரு நாளைக் காட்டும். அதற்கு முந்திய நாட்களின் கிழமைகளும் இதனால் பிழை. 1900 ஜனவரி 1 திங்கட்கிழமை, எக்செல் ஞாயிறு என்று அடம்பிடிக்கும். லிப்ரே ஆபிஸ் என்ற இன்னொரு மென்பொருளின் விரிதாள் அந்தப் பொய் நாளைச் சேர்க்கவில்லை, பதிலாகத் தன் எண்ணிக்கையை ஒரு நாள் முன்னால் தொடங்கிவிட்டது: அங்கே 1 என்பது 1899 டிசெம்பர் 31. ஆகவே 1900 மார்ச் 1 வரும்போது இரண்டிலும் 61, அதன்பிறகு சண்டை இல்லை. பழைய மக்கின்டோஷ் எக்செல் 1904 இலிருந்து எண்ணியது, அந்தக் கோப்பிலிருந்து மற்றதுக்குத் திகதியை வெட்டி ஒட்டினால் 1462 நாள், அதாவது நான்கு வருடமும் ஒரு நாளும், விலகி நிற்கும்.

1900 க்கு முந்திய நாள் எக்செலுக்குத் திகதியே இல்லை. எங்கள் வீட்டுக் காணி உறுதி ஒன்று 1887 இல் எழுதியது. அதை எழுதினால் வெறும் எழுத்தாகக் கலத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். இந்த இடப்பக்கம் நல்ல அடையாளம். நீங்கள் எதையும் மாற்றாத வரை எண் வலப்பக்கம் நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். திகதி இடப்பக்கம் நின்றால் அது திகதி இல்லை, திகதி மாதிரி எழுதிய சொல். ஊர் வழக்கத்தில் ஜனவரியைத் தை என்றும் பெப்ரவரியை மாசி என்றும் எழுதுகிறோமே, "மாசி 12" என்று போட்டாலும் இதே கதைதான்.

உண்மையான வில்லங்கம் வலப்பக்கம் ஒழுங்காக நிற்கிற பிழைத் திகதிகளில்தான். ரொறன்ரோவில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அண்ணா, வீடு கட்ட அனுப்பிய காசின் விபரத்தை ஒரு தாளில் அடித்து அனுப்பியிருந்தார். அவர் நம்மைப் போல நாளை முதலில் எழுதுகிறவர், அவருடைய மடிக்கணினியோ மாதத்தை முதலில் எழுதுகிற அமெரிக்கப் பிராந்திய அமைப்பில் இருந்தது. 05/03/2025 என்று, மார்ச் 5 ஐ நினைத்து அடித்தார். கணினி அதை மே 3 என்று விளங்கி, 45721 க்குப் பதில் 45780 ஐ உள்ளே வைத்துக்கொண்டது. 59 நாள் வித்தியாசம். நான் இங்கே திறந்தபோது என் கணினி அந்த எண்ணுக்கு நம்மூர் உடுப்பை மாட்டி 03/05/2025 என்று காட்டியது. வங்கிச் சிட்டையோடு பொருந்தவில்லை, அண்ணாவோ நான் மாற்றிவிட்டேன் என்றார், நானோ அவர் பிழையாக அடித்துவிட்டார் என்றேன், இரண்டு நாள் வட்சப்பில் இழுபட்டோம்.

கொஞ்சம் எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பொறி என்று தெரியும். 13/03/2025 என்று அடித்தால் பதின்மூன்றாம் மாதம் இல்லையே, கணினி அதை எழுத்தாக விட்டுவிடும், இடப்பக்கம் நிற்கும், கண்ணில் படும். நாள் 12 க்குள் இருந்தால்தான் சத்தமில்லாமல் புரளும். வருடத்தில் அப்படி 144 நாள், அதில் 05/05 மாதிரி இரண்டும் ஒன்றாக இருப்பவை 12. மிச்சம் 132 நாளும் வாய் திறக்காமல் வேறு நாளாகிவிடும். இதற்கு ஒரே நல்ல வழி, 2025-03-05 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதுவது. எழுத்தாக நிற்பவற்றை, எழுத்தை நிரல்களாகப் பிரிக்கும் கருவியில் நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லித் திருத்தலாம், ஏற்கனவே புரண்டதை அப்படித் திருத்த முடியாது. அதற்கு நாளையும் மாதத்தையும் பிரித்தெடுத்து டேட் சார்புக்குள் இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதுவதையும் விட்டுவிடுங்கள், வழமையான அமைப்பில் 29 என்றால் 2029. 1929 இல் பிறந்த அப்பாச்சி இன்னும் பிறக்கவே இல்லை என்றாகிவிடும்.

எக்செல் சில வேளை கேட்காமலே திகதி ஆக்கும். 12/4 என்ற வீட்டிலக்கத்தை அடித்தால் ஏப்ரல் 12 ஆகும், ஐயோ என்று அதை எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் 45759 மாதிரி ஒரு எண் வரும், 12/4 திரும்பி வராது. அடிப்பதற்கு முன்பே கலத்தை எழுத்து என்று ஆக்க வேண்டும், அல்லது முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். மரபணு ஆய்வாளர்களுக்கும் இதே தலையிடி. செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் செப்டெம்பர் 2, மார்ச் 1 என்று மாற்றிக்கொண்டே இருந்ததில், 2020 இல் பெயரிடும் குழுவே மரபணுக்களுக்குப் புதுப் பெயர் வைத்தது. இப்போது அவை செப்டின்2, மார்ச்எஃப்1. மென்பொருளைத் திருத்துவதை விட மனித மரபணுவின் பெயரை மாற்றுவது சுகமாக இருந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று, இது நம் ஊருக்கென்றே வந்த சிக்கல். விரிதாளின் கலத்துக்கு நேர வலயம் என்று ஒன்று தெரியாது. 0.5 என்றால் நண்பகல், எந்த ஊர் நண்பகல் என்று அது கேட்பதில்லை. 1996 மே 25 அன்று இலங்கை நேரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளினார்கள், அதே ஆண்டு ஒக்ரோபர் 26 இல் அரை மணி பின்னுக்கு எடுத்தார்கள், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்ற பழைய இடத்துக்கு 2006 ஏப்ரல் 15 இல்தான் வந்தோம். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை, அங்கே பழைய நேரம்தான். 2002 இல் ஏ9 வீதி திறந்தபிறகு, இரண்டு பகுதிக்கும் எல்லையாக இருந்த முகமாலையைத் தாண்டினால் மணிக்கூட்டில் அரை மணி வித்தியாசம்.

எங்கள் அயலில் கலியாணம் பொருத்துகிற மாமி ஒருவர் சாதகக் குறிப்புகளை விரிதாளில் வைத்திருக்கிறார். இப்போது அவரிடம் வருகிற பிள்ளைகளில் கனபேர் அந்தப் பத்து வருடத்துக்குள் பிறந்தவர்கள். சாத்திரியார் முதலில் கேட்பதே "புது நேரமோ பழைய நேரமோ" என்றுதான், லக்கினம் சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுவதால் அரை மணி சில வேளை ஆளையே மாற்றிவிடும். மாமி பிறந்த நேர நிரலில் எல்லாவற்றிலும் அரை மணியைக் கழிக்கச் சொன்னார். அரை மணி என்றால் நாளில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, சுகமான வேலை. கழித்தேன், ஒரு நிரையில் மட்டும் ##### என்று வேலி. 2001 ஓகஸ்ட் 10, நடுச்சாமம் தாண்டி 12:20 க்குப் பிறந்த பிள்ளை. நேரம் தனியாக ஒரு கலத்தில் இருந்ததால் அரை மணி கழிக்க அங்கே இடமில்லை. திகதியையும் நேரத்தையும் கூட்டி 37113.0139 என்று ஒரே எண்ணாக்கி, பிறகு கழித்தால் ஓகஸ்ட் 9, இரவு 11:50. பிள்ளையின் பிறந்தநாளே மாறிவிட்டது, மாமி இரண்டு தரம் திரும்பக் கேட்டார்.

புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோது கிளிநொச்சியில் பிறந்தவர்களுக்கு அரை மணி கழிக்கக்கூடாது என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. 1996 இல் மேக்கும் ஒக்ரோபருக்கும் இடையில் இங்கே பிறந்தவர்களுக்கு ஒரு முழு மணியே கழிக்க வேண்டும். பிறந்த ஊருக்கென்று ஒரு நிரலைப் புதிதாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மாமி ஒவ்வொரு வீட்டுக்காய் போன் எடுத்து அதை நிரப்பிக்கொண்டிருக்கிறார்.