கோதாவில் விழும் உடலின் கணக்கு

தாரா சிங் கிங் காங்கைத் தூக்கிச் சுழற்றி எறிந்த கதையை என் பெரியப்பா எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. ஹங்கேரியில் பிறந்து சிங்கப்பூரில் தங்கிவிட்ட எமில் சாயா என்ற மாபெரும் உடல்காரரான அந்தக் கிங் காங்கும், 1940களின் இறுதியில் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து தொழில்முறைக் குஸ்தியில் இறங்கிய தாரா சிங்கும் மலாயா முழுவதும் பெயர் பெற்றிருந்த காலம் அது. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவின் தேநீர்க் கடையொன்றில் பெரியப்பா இதைச் சொல்லத் தொடங்கினால், எதிர் நாற்காலியில் இருப்பவர் தவறாமல், "எல்லாம் முன்னாடியே பேசி வச்சதுதானே அண்ணே" என்பார். பெரியப்பாவின் பதிலும் மாறாது: "பேசி வச்சு விழுந்தாலும் கீழ இருக்கிறது பலகைதானப்பா."

அந்தப் பதில் அறிவியல் முறையில் முழுக்கச் சரியானது என்பதைக் காட்டவே இதை எழுதுகிறேன். வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது என்பதில் இன்று ஒளிவுமறைவு எதுவும் இல்லை. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, 1989இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) என்ற அமெரிக்கத் தொழில்முறைக் குஸ்தி நிறுவனமே நியூ ஜெர்சி சட்டமன்றத்தினரிடம் தங்களுடையது பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டது. ஆனால் யார் வெல்ல வேண்டும் என்பதை மனிதர்கள் முடிவு செய்யலாமே தவிர, தொண்ணூறு கிலோ உடல் எந்த வேகத்தில் கீழே வர வேண்டும் என்பதைப் புவியீர்ப்புதான் முடிவு செய்கிறது.

ரிங் எனப்படும் கோதாவின் அமைப்பிலிருந்து தொடங்குவோம். டபிள்யூ.டபிள்யூ.இ. பயன்படுத்தும் கோதா பக்கத்துக்கு 20 அடி, அதாவது ஏறத்தாழ 6 மீட்டர் கொண்டது. அடியில் எஃகுச் சட்டங்கள், அவற்றின் மேல் மரப்பலகைகள், பலகைகளின் மேல் மெல்லிய நுரை விரிப்பு, எல்லாவற்றையும் மூடி இழுத்துக் கட்டிய கேன்வாஸ் துணி. சில கோதாக்களில் நடுவில் ஒரு சுருள்வில்லும் இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பயிற்சிக்கூடத்துக்குச் சென்றபோது, கேன்வாஸை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். வீட்டுக் கதவைத் தட்டியது போலவே கேட்டது. தொலைக்காட்சியில் மெத்தை போலத் தெரியும் அந்தப் பரப்பு, கையால் தொடுகிறவருக்கு மரமாகத்தான் தெரியும்.

அப்படியானால் விழுபவர் ஏன் நொறுங்குவதில்லை? விழுவதால் யாருக்கும் காயம் ஏற்படுவதில்லை, விழுந்த வேகம் சட்டென்று நிற்பதால்தான் ஏற்படுகிறது. 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல், தரையைத் தொடும்போது நொடிக்கு 5.4 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 19 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த வேகம் முழுவதும் எவ்வளவு தூரத்துக்குள் சுழியமாகிறது என்பதே கேள்வி. விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்தால், உடல் தாங்க வேண்டிய சராசரி வேகக்குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது கிடைத்துவிடும். சிமெண்டுத் தரையில் விழுந்து ஒரே சென்டிமீட்டரில் நின்றால் 150 மடங்கு. பலகை வளைந்து, நுரை அமுங்கி, 6 சென்டிமீட்டரில் நின்றால் 25 மடங்கு. ஐந்து சென்டிமீட்டர் வளைவு, ஒருவரை மருத்துவமனையிலிருந்து காப்பாற்றி அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பி வைக்கிறது. பலகைகளின் நடுப்பகுதி அதிகம் வளையும், சட்டத்தை ஒட்டிய ஓரம் குறைவாகவே வளையும் என்பதால், பெரிய வீச்சுகளை வீரர்கள் கூடுமானவரை நடுவில் செய்வதைப் பழைய ரசிகர்கள் கவனித்திருப்பார்கள்.

பலகை வளைவதால் மட்டும் உடல் தப்பிவிடாது. விசை உடலில் எங்கே, எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. மல்லாந்து விழும் கலைக்கு அத்துறையினர் 'பம்ப்' என்கிறார்கள். தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். மூச்சு வெளியேறிக்கொண்டிருக்க வேண்டும். மேல்முதுகு முழுவதும், இரு தோள்பட்டை எலும்புகளின் சதைப்பற்றான பகுதி உட்பட, ஒரே நேரத்தில் கேன்வாஸில் படிய வேண்டும். அதே கணத்தில் உடலிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகிய இரு கைகளும் உள்ளங்கை கீழாக அறைய வேண்டும். ஜூடோ பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அதே விசை ஒரு முழங்கையில் இறங்கினால் எலும்பு முறியும். முதுகிலும் கைகளிலும் பரவினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்க வேண்டிய அழுத்தம் பல மடங்கு குறைகிறது. பின்னால் கையூன்றித் தப்பிக்கப் பார்க்கும் இயல்பான உந்துதல்தான் இதில் மிகப் பெரிய எதிரி, ஏனெனில் அப்போது முழு உடலின் விசையும் மணிக்கட்டு என்ற சிறிய மூட்டு வழியாகப் போகிறது.

பயிற்சியாளராக இருந்த இளைஞர் என்னை முதலில் குந்தி உட்கார்ந்த நிலையிலிருந்து மட்டுமே விழ அனுமதித்தார். "தலைய மட்டும் பாத்துக்குங்க அண்ணே, மத்தத ரிங் பாத்துக்கும்" என்றார். முதல் இரண்டு முறை மூச்சை அடக்கிக்கொண்டு விழுந்தேன். நெஞ்சுக்குள் காற்று திடீரென்று அழுத்தப்பட்டு, உதரவிதானம் பிடித்துக்கொண்டதுபோல் சில நொடிகள் மூச்சே வரவில்லை. மூச்சை வெளியே விட வேண்டும் என்ற விதி அங்கிருந்துதான் வருகிறது.

அந்த அறையொலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பார்வையாளரை நம்ப வைப்பதில் கண்ணைவிடக் காதுக்கே பங்கு அதிகம். பலகைகளுக்குக் கீழே உள்ள வெற்றிடத்தைச் சுற்றித் துணி மறைத்திருப்பதால், கோதா முழுவதுமே ஒரு பெரிய தோற்கருவி போல நடந்துகொள்கிறது. விழுந்தவரின் ஆற்றலில் ஒரு பகுதி பலகையின் அதிர்வாகவும் ஒலியாகவும் வெளியேறுகிறது. குத்துவிடும்போது காலால் தரையை மிதிப்பதும் இந்த ஒலிக்காகத்தான். அமெரிக்க வீரர் ரிக் ஃபிளேயர் பெயர் பெற்றிருந்த, மார்பில் அறையும் 'சாப்' என்ற அடி மட்டும் வேறு வகை. அதில் ஒலியும் வலியும் இரண்டும் உண்மை. விரித்த கை பெரும் பரப்பில் படுவதால் விலா எலும்புக்கு ஆபத்து குறைவு, ஆனால் தோலின் நுண்குழாய்கள் விரிந்து மார்பு சிவந்துவிடுகிறது. அந்தச் சிவப்பை எந்த ஒப்பனையாலும் செய்ய முடியாது.

இனிப் பெரியப்பாவின் கதைக்கு வருவோம்: அவ்வளவு பெரிய மனிதரைத் தூக்குவது எப்படி? 100 கிலோ சுமையை முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகுத் தசைகள் முதுகெலும்பின் சுழல்மையத்திலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இழுக்கின்றன. ஆகவே அவை 800 கிலோ எடைக்கு நிகரான விசையைத் தர வேண்டியிருக்கும். எந்தப் பயில்வானாலும் இதை இரவுதோறும் செய்ய முடியாது. செய்ய வேண்டியதில்லை என்பதுதான் இதன் நுட்பம். தூக்கப்படுபவர் சரியான கணத்தில் துள்ளுகிறார். தூக்குபவரின் தொடையிலோ முதுகிலோ கையை ஊன்றித் தன் எடையின் ஒரு பகுதியைத் தானே ஏற்றுகிறார். பொருண்மை மையம் தூக்குபவரின் தோளுக்கு வந்து, அவருடைய பாதங்களுக்கு நேர் மேலே நின்றுவிட்டால், நெம்புகோல் தூரம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அதன்பின் சுமையைத் தாங்குவது தசையல்ல, நேராக அடுக்கிய எலும்புத் தூண்.

1987 மார்ச் 29 அன்று, டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஆண்டுதோறும் நடத்திய பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் மூன்றாம் பதிப்பில் ஹல்க் ஹோகன் ஆன்ட்ரே த ஜயண்டைத் தூக்கி அறைந்த காட்சி இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆன்ட்ரேயின் எடை 520 பவுண்டு, அதாவது சுமார் 236 கிலோ என்று அறிவிக்கப்பட்டது. வளர்ச்சி இயக்குநீர் மிகையாகச் சுரக்கும் அக்ரோமெகாலி நோயால் அந்த உடல் வளர்ந்திருந்தது. அந்த நோயின் வேதனையும் முதுகு அறுவை சிகிச்சையும் அவரை அப்போது வாட்டிக்கொண்டிருந்தன. அவரை யாரும் தூக்கியதே இல்லை என்று அன்று சொல்லப்பட்டது சரியல்ல என்பதை நெடுநாள் ரசிகர்கள் அறிவார்கள். 1980இல் நியூயார்க்கின் ஷே அரங்கில் இதே ஹோகன் அவரைத் தூக்கியிருக்கிறார். ஆயினும் 1987இன் அந்தக் கணத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆன்ட்ரே ஒப்புக்கொள்ளாமல் உலகில் எவராலும் அவரை அப்படித் தூக்கியிருக்க முடியாது. முதுகு அந்த நிலையில் இருக்கும்போது விழச் சம்மதித்தது அவர் தந்த கொடை.

கோதாவைச் சுற்றிய கயிறுகள் பார்ப்பவர் நினைப்பதுபோல் ரப்பரின் மென்மை கொண்டவை அல்ல. டபிள்யூ.டபிள்யூ.இ. உண்மையான கயிற்றை நாடா சுற்றிப் பயன்படுத்துகிறது. முன்பு அதன் போட்டியாளராக இருந்த டபிள்யூ.சி.டபிள்யூ. உறையிட்ட எஃகு வடத்தைப் பயன்படுத்தியது. 6 மீட்டர் நீளக் கயிற்றின் நடுவில் ஒருவர் மோதி அதை 30 சென்டிமீட்டர் வெளியே தள்ளினால், கோண அமைப்பின் காரணமாகக் கயிற்றின் இழுவிசை அவர் தள்ளும் விசையைப் போல் ஐந்து மடங்காகிறது. 80 கிலோ விசைக்கு மூலைக் கம்பங்கள் 400 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களின் அக்குளுக்குக் கீழே நீலம் பாய்ந்திருப்பதை நான் அந்தக் கூடத்தில் பார்த்தேன்.

கணக்கின் எல்லையைக் காட்டும் நிகழ்வு 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்தது. கோதாவைச் சுற்றி அமைத்த கம்பிக் கூண்டின் உச்சியிலிருந்து, ஏறத்தாழ 16 அடி உயரத்திலிருந்து, மிக் ஃபோலி என்ற வீரரை எதிராளியான அண்டர்டேக்கர் வர்ணனையாளர் மேசை மீது எறிந்தார். 4.9 மீட்டர் விழ ஒரு நொடி ஆகும்; இறுதி வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். மேசை நொறுங்கியதே அவரைக் காப்பாற்றியது, ஏனெனில் மரம் உடையும் ஒவ்வொரு கட்டத்திலும் ஆற்றல் செலவாகி, நிற்கும் தூரம் நீண்டது. அதே இரவில் நடந்த இரண்டாவது வீழ்ச்சி உயரத்தில் குறைவானது. ஆனால் கூண்டின் கூரை எதிர்பாராமல் விட்டுப்போனதால், உடலைத் தயார்செய்ய நேரமின்றி அவர் கோதாவில் விழுந்து நினைவிழந்தார். கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் பட்டது. உயரம் குறைந்தும் சேதம் கூடியது.

இன்னொரு நாள், 1997 ஆகஸ்ட் 3. தலைகீழாகப் பிடித்து இறக்கும் பைல்டிரைவர் வீச்சில், இறக்குபவர் மண்டியிட்டால், பிடிபட்டவரின் தலைக்கும் கேன்வாஸுக்கும் இடையே இடைவெளி தங்கும். தரையைத் தொடுவது முழங்கால்கள்தான். ஓவன் ஹார்ட் அன்று மண்டியிடாமல் உட்கார்ந்தபடி இறங்கினார். ஸ்டீவ் ஆஸ்டினின் தலை அவருடைய தொடைகளுக்குக் கீழே நீண்டிருந்ததால், இரு உடல்களின் எடையும் ஆஸ்டினின் கழுத்தில் இறங்கியது. சிறிது நேரம் கைகால்கள் செயலிழந்தன. பின்னர் கழுத்தில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. 2003இல் அவர் கோதாவை விட்டு விலகினார். சில சென்டிமீட்டர் வேறுபாடுதான்.

மேலே சொன்ன எந்த நுட்பமும் எட்டாத ஓரிடம் மண்டையோட்டின் உட்புறம். பலகை வளையலாம், முதுகு விசையைப் பகிரலாம். ஆனால் தலை திடீரென நிற்கும்போதோ சுழலும்போதோ, திரவத்தில் மிதக்கும் மூளை தன் வேகத்தில் தொடர்ந்து நகர்ந்து, அதன் நீண்ட நரம்பிழைகள் இழுபடுகின்றன. நாற்காலியால் தலையில் அடிக்கும்போது தாடையை ஒடுக்குவதோ மூச்சை விடுவதோ எந்தப் பயனும் தராது. மூளையதிர்ச்சியால் கோதாவை விட்ட கிறிஸ் நோவின்ஸ்கி 2007இல் இதற்கென ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கக் காரணமாக இருந்தார், டபிள்யூ.டபிள்யூ.இ. 2010இல் தலையில் நாற்காலியால் அடிப்பதைத் தடை செய்தது. அது மிகத் தாமதமான முடிவு என்பது என் உறுதியான எண்ணம். நாங்கள் கைதட்டி ரசித்த எத்தனையோ அடிகள் அதற்கு முன்பே விழுந்துவிட்டன.

மலேசியாவில் 2014இல் உள்நாட்டுத் தொழில்முறை மல்யுத்த அமைப்பு தொடங்கப்பட்டது. ஹிஜாப் அணிந்து கோதாவில் இறங்கிய நோர் டயானா 2019இல் நான்கு ஆண்களை வென்று பட்டம் சூடியது உலகச் செய்தியானது. நான் பார்த்த கூடத்திலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே பழகினார்கள். பயிற்சியின் முதல் இருபது நிமிடம் அங்கு எவரும் விழவில்லை. எல்லோரும் மல்லாந்து படுத்து, தாடையை மார்பில் அழுத்தி, பின்னந்தலையைக் கேன்வாஸிலிருந்து ஓர் அங்குலம் உயர்த்தியபடி, கழுத்து நடுங்க நடுங்க எண்ணிக்கொண்டிருந்தார்கள்.