லண்டன் குளிரில் வாழை பிழைப்பது எப்படி?

லண்டனும் கனடாவின் கால்கரி நகரமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. கால்கரியில் குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி வரைகூட இறங்கும். லண்டனில் மைனஸ் 5 வந்தாலே கடுங்குளிர். அட்லாண்டிக் கடலைத் தாண்டி வரும் மேற்குக் காற்று கடலின் வெப்பத்தைச் சுமந்து வருவதுதான் காரணம். அதனால்தான் தெற்கு இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் வாழை வெட்டவெளியிலேயே நிற்கிறது.

அங்கே பெரும்பாலும் வளர்வது மூசா பஸ்ஜூ என்ற வகை. ஜப்பான் வாழை என்று பெயர் வாங்கிவிட்டாலும் பூர்வீகம் தென்சீனா. சின்னச் சின்னக் காய், அதிலும் விதை நிறைய, தின்ன உதவாது. இலையின் அழகுக்காகவே வளர்க்கிறார்கள்.

வாழையில் நாம் மரம் என்று சொல்வது மட்டைகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றி நிற்கும் உருளைதான். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. இலைகளை உண்டாக்கும் வளர்நுனி, குலை தள்ளும் பருவம் வரும்வரை, அந்தக் கிழங்கின் உச்சியில் தரையை ஒட்டியே இருக்கும். உறைபனி விழுந்தால் இலையின் செல்களுக்கு இடையே உள்ள நீர் முதலில் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்க, செல் வற்றிச் சவ்வு சிதைகிறது. மறுநாள் இலை கருத்துத் தொங்கும். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் வாழை சாகவில்லை. கிழங்கு உறையாதவரை உயிர் இருக்கிறது.

கிழங்கை உறையவிடாமல் காப்பது மண். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு அனுப்பிக் குளிர்ந்துகொண்டே போகும். ஆனால் சில அங்குலம் கீழே போனால் கோடை வெயிலின் சூட்டில் கொஞ்சம் இன்னும் மிச்சமிருக்கும். தரைமேல் பரப்பும் வைக்கோலோ சருகோ கம்பளியைப் போன்றது. தானாகச் சூடு தராது, இருக்கிற சூட்டைப் போகவிடாமல் பிடித்துவைக்கும். ஆகவே மரத்தை மட்டும் சுற்றிவிட்டு அடியை வெறுமனே விடுவதில் பயனில்லை. இரண்டு மூன்று அடி அகலத்துக்கு, அரை அடி உயரத்துக்குச் சருகு கொட்டி முதலில் தரையை மூட வேண்டும்.

அப்புறம்தான் மரம். முதல் உறைபனி இலைகளைக் கருக்கியதும் அவற்றை அறுத்துவிட்டு, சுற்றிலும் கோழிவலையைக் கூண்டாக நிறுத்தி, உள்ளே காய்ந்த வைக்கோலை நிரப்புவார்கள். அழுத்தித் திணிக்கக் கூடாது. குளிரைத் தடுப்பதில் பெரும்பங்கு வைக்கோலுக்கு இடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுக்குத்தான்.

குளிரைவிட ஈரத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். நீர், அசையாத காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த வைக்கோல் இருந்தும் இல்லாதது போலத்தான். வெட்டிய மேல்நுனி வழியாக இறங்கும் மழைநீர் குருத்தை அழுக வைத்துவிடும். நீர் தேங்கிய குளிர்ந்த மண்ணில் வேருக்கு ஆக்ஸிஜனும் கிடைக்காது. எனவே கூண்டின் தலையை மட்டும் தகடோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடி, பக்கங்களைக் காற்றோட்டமாக விட வேண்டும். நடும்போதே நீர் வடியும் மேட்டில் நட்டிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

கிழங்கு பிழைத்தாலே போதாதா, மரத்தை எதற்குக் காக்க வேண்டும்? மரம் செத்தால் வசந்தத்தில் தரையிலிருந்து புதிதாகக் கிளம்ப வேண்டும். சுமார் 10 டிகிரிக்குக் கீழே வாழையின் வளர்ச்சி நின்றுவிடும் என்பதால் அங்கே வளரும் காலமே குறைவு. இழந்த உயரத்தை மீட்பதிலேயே கோடை முடிந்துவிடும். மரத்தைக் காப்பாற்றினால் போன வருடம் விட்ட உயரத்திலிருந்தே புது இலை விரியும். இங்கிலாந்தில் வெட்டவெளியில் குலை தள்ளுவதைப் பார்க்கப் பெரும்பாலும் இதுதான் வழி.

நாம் சாப்பிடும் வகைகளுக்கு இந்த ஏற்பாடு போதாது, கண்ணாடி வீடு வேண்டும். 1830களில் இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் ஜோசப் பாக்ஸ்டன் அப்படித்தான் ஒரு குட்டை வாழையை வளர்த்துக் காய்க்க வைத்தார். மாளிகைக்கு உரிய குடும்பத்தின் பெயரால் அது கேவண்டிஷ் ஆனது. நம்மூர்ச் சந்தையில் ஜி-9 என்று விற்கும் பச்சை வாழையும் கேவண்டிஷ் இனம்தான்.

கூண்டைப் பிரிப்பது ஏப்ரலில். வெயில் ஏறிய பிறகும் மூடியே வைத்தால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் மே மாதத்திலும் ஓரிரு இரவு உறைபனி வரலாம். பிரித்த வைக்கோலை உடனே தூக்கி எறியாமல், வானம் தெளிந்த இரவுகளில் குருத்தின் மேல் போர்த்தக் கொஞ்சம் துணியோடு பக்கத்திலேயே வைத்திருப்பது நல்லது.