டேப்பில் எழுதாத பாதி

பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று ராக் பாட்டுகளோடுதான் வருகிறார்கள். சிங்கப்பூர் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் வாங்கிய கையோடு போனில் டேப் (எண்களால் எழுதிய இசைக்குறிப்பு) தேடி, தானாகவே வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும். டேப்பும் நல்ல முறைதான். நான்கு கோடுகள், அடியில் இருப்பது தடித்த ஈ கம்பி, அதற்கு மேலே ஏ, டி, ஜி. எண் எந்த ஃப்ரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தில் உலோகக் கம்பிகளால் பிரித்த எந்தக் கட்டத்தில், விரல் வைப்பது என்று சொல்லும். 0 என்றால் கம்பியை அழுத்தாமல் மீட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் லூட் என்னும் நரம்பிசைக் கருவியை வாசித்த கலைஞர்களும் இப்படித்தான் எழுதினார்கள். ஆனால், ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு நேரம் என்பதையும் கோடுகளுக்கு மேலே குறித்தார்கள். இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல டேப்களில் அந்த மேல்வரி இல்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

அடிக்கோட்டில் 3, 3, 3, 5 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாணவர் நான்கையும் சம இடைவெளியில் வாசிப்பார். பாட்டிலோ மூன்றாவது 3 பீட்டுக்குக் காத்திராமல் முந்திக்கொண்டு விழும். 5 ஒலித்த உடனேயே அடக்கப்படும். அடுத்த கிக் டிரம் வரை மௌனம். அந்த மௌனமும் பேஸ் வாசிப்பவரின் வேலைதான். எண் ஒன்றுகூடத் தப்பாமல் வாசித்தும் பாட்டு வராமல் போவது இதனால்தான். பல பிள்ளைகள் தங்களுக்குத் திறமையில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

அப்போது கிட்டாரைக் கீழே வைக்கச் சொல்வேன். இங்கே நம் பிள்ளைகள் பலர் சிறு வயதில் மிருதங்கமோ பரதமோ கற்றவர்கள். தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு அவர்கள் வாயிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு ‘தகதிமி’ சொல்லிக்கொண்டே பாட்டைக் கேட்கவேண்டும். அந்த மூன்றாவது 3, ‘த’வில் விழாமல் முந்தைய பீட்டின் ‘தி’யில் விழுவது தானாகப் பிடிபடும். அதை டேப்பின் மேல் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் கிட்டாரை எடுக்கலாம்.

கேட்பதற்குப் போன் ஸ்பீக்கர் உதவாது. ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு சிறிய ஸ்பீக்கரால் அதை ஒலிக்க முடியாது. பேஸ் காதில் விழாததால்தான் பலர் எண்ணையே நம்புகிறார்கள். ஹெட்போன் போடுங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் சுவருக்கு அப்பால் அண்டைவீட்டார் இருப்பதாலும் அதுவே நல்லது. ஆனால், தாழ்ந்த ஒலி நம் காதுக்கு மந்தமாகத்தான் கேட்கும் என்பதால், பேஸ் தெரியவேண்டும் என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். கூடவே சிம்பலும் குரலும் காதைத் தாக்கும். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒலியைக் கூட்டாமல், தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் மற்றதைக் குறையுங்கள்.

பாட்டோடு சேர்ந்து வாசிக்கும்போது எல்லாமே அரை ஸ்வரம் விலகி ஒலித்தால் விரலைக் குறை சொல்லவேண்டாம். பல ராக் குழுக்கள் கம்பிகளை அரை ஸ்வரம் இறக்கிச் சுருதி சேர்ப்பதுண்டு. டேப்பின் தலைப்பகுதியை முதலில் பாருங்கள்.

அடுத்தது கை. கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலமாக உள்ள வழக்கமான பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவதுவரை ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். ஏழிலிருந்து பத்துவரை சுமார் 9 சென்டிமீட்டர்தான். ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று, அகலமான அந்த முதல் ஃப்ரெட்டுகளில் கையை விரித்தே வைத்தால் மணிக்கட்டு வளைந்து இறுகும். அங்கே ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றை மட்டும் வைத்துக் கையை நகர்த்தி வாசிப்பது பழைய, நல்ல பழக்கம். டேப்பில் எழுதிய இடத்தில்தான் வாசிக்கவேண்டும் என்றும் இல்லை. ஈ கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டும் அழுத்தாத ஏ கம்பியும் ஒரே ஸ்வரம். உங்கள் கைக்கு ஒத்துவரும் இடத்துக்கு எண்ணை மாற்றி எழுதுங்கள். விரல் மரத்துப்போனாலோ மணிக்கட்டு வலி அடுத்த நாளும் தொடர்ந்தாலோ, கிட்டாரைச் சில நாள் ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.