பட்டினி போட்டால் புற்று சாகாது

ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வருகிறது. அந்த வாரமே வீட்டில் சர்க்கரை நிற்கிறது. அடுத்த வாரம் பால். அப்புறம் முட்டை, இறைச்சி, எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கழன்றுபோய், முதல் கீமோவுக்கு வரும்போது நோயாளி நாலைந்து கிலோ இறங்கியிருக்கிறார். கூட வந்தவர் கையில் பச்சை நிறத்தில் ஒரு சாறு பாட்டில். கேட்டால், "புற்றுநோயைப் பட்டினி போடுகிறோம்" என்கிறார்கள். பட்டினி கிடப்பதென்னவோ அந்த மனிதர்தான். புற்றுநோய் உணவியலில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால், ஒரு முறை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நோயைப் பற்றி முதலில் கொஞ்சம். ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், ஆறு வகைக் கனிம நார்களுக்குப் பொதுப்பெயர். "வெள்ளை வகையில் ஆபத்தில்லை, நீலம்தான் கெட்டது" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஆறு வகைகளையுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரலையும் குடலையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வருவது மீசோதெலியோமா. அதோடு நுரையீரல், குரல்வளை, சூலகப் புற்றுநோய்களும் இந்த நாரின் கணக்கில் சேர்கின்றன.

தூசியைச் சுவாசித்ததற்கும் மீசோதெலியோமா தலைகாட்டுவதற்கும் நடுவே பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள் ஓடிவிடும். ஆகவே "அந்த வேலையை விட்டு முப்பது வருஷம் ஆச்சே" என்பது ஆறுதல் இல்லை. நோய் வரக்கூடிய காலமே அதுதான். வேலை பார்த்தவருக்கு மட்டும்தான் வரும் என்பதும் தவறு. 1960இல் தென் ஆப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து 33 நோயாளிகளைப் பற்றி வாக்னரும் சக மருத்துவர்களும் எழுதினார்கள். அவர்களில் பலர் சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லை, அதன் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள். நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்து, எடுத்த பிறகும் மறுபடி சேர்ந்தால், நீங்கள் பார்த்த வேலைகளையும், எங்கே வளர்ந்தீர்கள், வீட்டுக்கு யார் தூசி படிந்த உடுப்போடு வந்தார்கள் என்பதையும் கேட்காமலே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எடுத்த நீரில் புற்றுச் செல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் அத்தோடு விஷயம் முடிவதில்லை. பல சமயம் உறையிலிருந்தே சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எக்ஸ்ரேயில் "உறைத் திட்டு" (pleural plaque) என்று மட்டும் இருந்தால் அது புற்றுநோய் அல்ல, நாளை புற்றுநோயாக மாறப்போவதும் இல்லை. ஆனால் நார் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அப்படிப்பட்டவர் புகை பிடித்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பன்மடங்காகப் பெருகுகிறது. இன்றே நிறுத்துங்கள்.

உள்ளே போன நாரை வெளியேற்ற என்ன சாப்பிடலாம் என்ற கேள்விக்கு ஒரே பதில்: ஒன்றும் இல்லை. பால் தூசியைக் கழுவாது. பால் போகும் குழாய் வேறு, மூச்சு போகும் குழாய் வேறு. நுரையீரலின் அடியில் குத்தி நிற்பது கல். கல்லைக் கரைக்கிற சாறு ஒன்று இருந்தால் அது முதலில் குடித்தவர் வயிற்றைத்தான் கரைத்திருக்கும்.

இனி அந்தச் சர்க்கரை விவகாரம். இது பரவியதில் பெட் ஸ்கேனுக்கும் ஒரு பங்கு உண்டு. கதிர்வீச்சு தரும் ஒருவகைக் குளுக்கோஸை ஊசியில் ஏற்றிப் படம் எடுக்கிறோம். கட்டி இருக்கும் இடம் பளிச்சென்று தெரிகிறது. பார்ப்பவருக்கு, "சர்க்கரையைத் தின்றுதான் இது வளர்கிறது, நிறுத்தினால் செத்துவிடும்" என்று தோன்றுவது இயல்பு. அதே படத்தில் மூளையும் பளிச்சென்று எரிவதை யாரும் கவனிப்பதில்லை. மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். நீங்கள் சர்க்கரையையும் தானியத்தையும் நிறுத்தினால் இரத்தத்தில் குளுக்கோஸ் தீர்ந்துவிடாது, உடல் தீரவிடாது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு ஏறக்குறைய ஒரு நாளில் காலியாகும். அதற்குப் பிறகு தசையிலுள்ள புரதத்தை உடைத்துக் கல்லீரலே குளுக்கோஸ் செய்யத் தொடங்கும். கட்டிக்கு வேண்டியது அப்போதும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். அதற்குச் செலவாவது தொடைச் சதை, தோள் சதை, மூச்சை இழுக்கும் சதை. ஏற்கெனவே மூச்சு வாங்குகிற ஒருவரிடம் மூச்சுத் தசையைக் கரைக்கச் சொல்வதற்கு உணவு முறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனிப்பை அள்ளிச் சாப்பிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நீரிழிவு உள்ளவர் தன் கட்டுப்பாட்டைத் தொடர வேண்டும். கீமோவை ஒட்டிக் கொடுக்கும் ஸ்டீராய்டு அந்த நாட்களில் இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். அப்போது அடிக்கடி பரிசோதித்து மருந்தின் அளவைச் சரிசெய்ய வேண்டுமே தவிர, சாப்பாட்டை நிறுத்தக் கூடாது.

அடுத்த எரிச்சல், டப்பா டப்பாவாக வரும் "ஆன்டிஆக்சிடன்ட்" மாத்திரைகள். ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் உழைத்தவர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் நடந்த அந்த ஆய்வின் பெயரே கேரட். புகை பிடித்தவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்த 4,060 ஆண்களுமாக மொத்தம் 18,314 பேர். ஒரு பாதிப் பேருக்குத் தினமும் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் 25,000 யூனிட் வைட்டமின் ஏ-யும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் தந்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். வைட்டமின் குழுவில் அது 28 சதவீதம் கூடியது, மரணம் 17 சதவீதம் கூடியது. திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்னதாக, 1996 ஜனவரியில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். சமையலில் போடும் கேரட்டுக்கும் கீரைக்கும் இதில் பங்கில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். பிரச்சினை செறிவூட்டிய மாத்திரையில். "இயற்கையானதுதானே, கெடுதல் செய்யாது" என்பவர்களிடம் நினைவூட்ட ஒன்று உண்டு: ஆஸ்பெஸ்டாஸும் பூமியிலிருந்து தோண்டி எடுத்த இயற்கைப் பொருள்தான்.

ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லா வைட்டமினையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அது அடுத்த விபத்து. மீசோதெலியோமாவுக்குச் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தோடு பெமெட்ரெக்ஸெட் என்ற மருந்தைத் தருவது வழக்கம். பெமெட்ரெக்ஸெட் செல்லுக்குள் ஃபோலேட் என்ற பி வைட்டமினின் வேலையைத் தடுத்துச் செயல்படுகிறது. அதற்கு ஃபோலிக் அமிலமும் பி12-ம் துணை மருந்துகள், கட்டாயம். ஃபோலிக் அமிலம் தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம்; முதல் கீமோவுக்கு முந்தைய ஏழு நாளில் குறைந்தது ஐந்து நாளாவது போட்டிருக்க வேண்டும், கடைசிக் கீமோ முடிந்து 21 நாள் வரை தொடர வேண்டும். பி12 ஊசி 1000 மைக்ரோகிராம், முதல் கீமோவுக்கு முந்தைய வாரத்தில் ஒன்று, பிறகு மூன்று கீமோ சுற்றுக்கு ஒன்று. இவற்றை விட்டால் வாயெல்லாம் புண்ணாகும், பேதி நிற்காது, இரத்த அணுக்கள் அபாயகரமாக இறங்கும். மில்லிகிராம், மைக்ரோகிராம் குழப்பம் வேறு: 5 மில்லிகிராம் மாத்திரை என்றால் 5000 மைக்ரோகிராம். அட்டையைப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் மருந்தாளரிடம் காட்டுங்கள். உடம்பு வலிக்கு இபுப்ரோஃபென் போன்றவற்றைத் தானாகப் போட வேண்டாம். சிறுநீரகம் சற்றே தளர்ந்திருந்தாலும் அவை பெமெட்ரெக்ஸெட்டை உடலிலேயே தேங்க வைத்துவிடும்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்? உடல் எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி. புரதம் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவர் சொல்வார். 60 கிலோ உள்ளவருக்கு 1500 முதல் 1800 கலோரி, 60 முதல் 90 கிராம் புரதம். மூன்று முட்டையில் சுமார் 18 கிராம், அரை லிட்டர் பாலில் 16, ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 15, இருநூறு கிராம் தயிரில் 7, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. இதிலேயே 63 ஆகிவிட்டது. விலையுயர்ந்த பவுடர் டப்பா வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சாற்று உணவில் ஒரு நாள் முழுக்கக் குடித்தாலும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

சாப்பிட முடியாததுதான் பெரும்பாடு. நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் அழுத்தும்போது நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். பசி இருக்கும் வேளையில், அனேகமாகக் காலையில், நாளின் பெரிய சாப்பாட்டை வையுங்கள். தண்ணீரையும் சூப்பையும் சாப்பாட்டோடு கொடுக்காமல் நடுவில் கொடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குளித்து முடித்த கையோடு தட்டை நீட்டாதீர்கள், அரைமணி ஓய்வெடுக்கட்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு சாப்பிட்டால் மூச்சு கொஞ்சம் இளகும். வாயில் உலோகச் சுவை அடித்தால் எவர்சில்வர் கரண்டியை மாற்றிப் பிளாஸ்டிக் கரண்டி கொடுங்கள். சூடான உணவின் வாடை குமட்டினால் ஆறவைத்துக் கொடுங்கள். நீர் எடுத்த பிறகு ஒன்றிரண்டு நாள் பசி திரும்பும். அந்த நாட்களை வீணாக்காதீர்கள், ஏனென்றால் எடுத்த நீரோடு புரதமும் வெளியே போயிருக்கிறது.

எடையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. தசை மூன்று கிலோ கரைந்து வயிற்றில் மூன்று லிட்டர் நீர் சேர்ந்தால் தராசு அசையாது. வீட்டார் "எடை அப்படியேதான் இருக்கு" என்று நிம்மதியாக இருப்பார்கள். கைக்கடிகாரத்தின் பட்டை இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கும், நெற்றிப் பொட்டுப் பக்கம் குழி விழுந்திருக்கும், நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றுவார். கெண்டைக்காலின் தடித்த இடத்தை வாரம் ஒரு முறை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். வீக்கம் இல்லாத காலில் 31 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் தசை போதவில்லை. ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உணவியலாளரைப் பாருங்கள். சாப்பிட்டது தசையாக நிற்க வேண்டுமென்றால் தசைக்கு வேலையும் வேண்டும். நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, நாளைக்கு இரண்டு தடவை, பலருக்கும் முடிகிற காரியம்.

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவருக்கு ஒரே நாளில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். பாஸ்பேட், பொட்டாசியம் சடாரென்று இறங்கி இதயமே தடுமாறும். முதல் இரண்டு நாள் பாதி அளவு, அதுவும் தயமின் (வைட்டமின் பி1) மாத்திரையோடும் இரத்தப் பரிசோதனையோடும்.

கீமோவில் இருப்பவருக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டால் அது இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். இம்யூனோதெரபியில், அதாவது உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சையில், இருப்பவருக்கு வழக்கத்தைவிட நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாகப் பேதி போனால் "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டிலேயே வைத்தியம் பார்க்காதீர்கள். அது மருந்து தூண்டிவிட்ட குடல் அழற்சியாக இருக்கலாம், அன்றே சொல்லுங்கள். முட்டையும் இறைச்சியும் நன்றாக வெந்திருக்க வேண்டும், பால் காய்ச்சியதாக இருக்க வேண்டும், பழத்தைக் கழுவிச் சாப்பிட வேண்டும். அவ்வளவு போதும். பழமே கூடாது என்று ஒதுக்கத் தேவையில்லை.

வீட்டில் மற்றவர்களுக்கு: உடையாமல் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சீண்டாதீர்கள். துளை போடுவது, அறுப்பது, பாசியைச் சுரண்டுவது, வேகமான தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது எதுவும் வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமானால் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள், நனைத்து, உடைக்காமல், முழுசாக இறக்க வேண்டும். தூசி கொட்டிவிட்டால் பெருக்காதீர்கள். சாதாரண வாக்குவம் கிளீனர் நாரைப் பின்பக்கமாகக் காற்றில் ஊதிவிடும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டுங்கள். துணி மாஸ்க்கும் ஆபரேஷன் மாஸ்க்கும் இதற்கு அலங்காரம்தான். வேலை உடுப்பை வீட்டில் உதறாதீர்கள். அதை உதறித் துவைத்த மனைவிமாருக்கும் மீசோதெலியோமா வந்திருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதைத் திட்டாமல் சொல்கிறோம். நோய் முற்றிய கட்டத்தில் பசி அடங்கிப்போவது அவருடைய பிடிவாதம் அல்ல. அப்போது கலோரிக் கணக்கை மூடி வைத்துவிடுங்கள். "உனக்காக இல்லை, எனக்காக ஒரு வாய்" என்று கெஞ்சும்போது அவர் உங்களுக்காக விழுங்கி, பிறகு தனியாக வாந்தி எடுக்கிறார். கேட்டதை, கேட்ட நேரத்தில், இரண்டு ஸ்பூன் கொடுங்கள். விழுங்கவே முடியாதபோது சுத்தமான பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக்கி, வெடித்த உதட்டில் களிம்பு தடவி, பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.