முன்பணம் கேட்டால் அது சி.எஸ்.ஆர். நிதி அல்ல

ஜனவரி பிறந்துவிட்டால் நாகர்கோவிலில் என் தணிக்கை அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வரத் தொடங்கும். "ஐம்பது லட்சம் சி.எஸ்.ஆர். நிதி ஒதுக்கியாகிவிட்டதாம், கொஞ்சம் பாருங்கள் சார்" என்று சிறு அறக்கட்டளை நடத்துகிறவர்கள் நீட்டுவார்கள். சி.எஸ்.ஆர். என்பது நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிக்குச் செலவிடும் பொறுப்பு. கடைசியாகக் கொண்டுவந்தவர், அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மார்த்தாண்டம் பக்கத்தில் மாலை வகுப்பு நடத்தும் ஓர் அமைப்பின் பொருளாளர். பெரிய நிறுவனத்தின் லெட்டர்பேடு, வட்ட முத்திரை, நீல மையில் கையெழுத்து, எல்லாம் கச்சிதம். கீழே பொடி எழுத்தில், பரிசீலனைக் கட்டணம் 45,000 ரூபாயை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் கட்டச் சொல்லியிருந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135 சொல்வது இது: முந்தைய நிதியாண்டில் நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். "மார்ச்சுக்குள் செலவழித்தே ஆக வேண்டும், ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள்" என்று தரகர்கள் அளப்பதை நம்பாதீர்கள். மிஞ்சிய தொகையை என்ன செய்வது என்று சட்டமே சொல்லிவிட்டது. தொடர் திட்டத்தின் பணம் தனி வங்கிக் கணக்குக்குப் போகும். மற்றது ஆறு மாதத்துக்குள் பிரதமரின் தேசிய நிவாரண நிதி போன்றவற்றுக்குப் போகும். முகம் தெரியாத அறக்கட்டளையிடம் கொடுத்துத் தப்பிக்க வேண்டிய அவசியம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை.

இதைவிட மோசமான பேரம் ஒன்று உண்டு. "ஒரு கோடி உங்கள் கணக்கில் வரும், பத்து லட்சம் உங்களுக்கு, மீதியை ரொக்கமாகத் திருப்பித் தாருங்கள்." செலவு ரசீதில் கையெழுத்திடப் போவது அறங்காவலர்தான். விசாரணை வந்தால் தரகரின் செல்பேசி அணைந்திருக்கும். 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சலுகைப் பதிவுகள் ரத்தாகும், வழக்கும் வரும்.

2021 ஏப்ரல் முதல், சி.எஸ்.ஆர். பணியை ஏற்கும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதைத் தரகர்கள் அரசு அனுமதி என்று சொல்லி விற்கிறார்கள். படிவத்துக்கு அரசுக் கட்டணமே கிடையாது. எங்களைப் போன்றவர்கள் டிஜிட்டல் கையொப்பமிட்டுச் சான்றளிப்பதற்கான கூலிதான் செலவு. கிடைக்கும் எண் வெறும் பதிவு எண். பணம் வரும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. கடிதத்தில் சந்தேகம் இருந்தால் நிறுவனத்தின் இணையதளத்தைப் பாருங்கள். சி.எஸ்.ஆர். குழு உறுப்பினர்களையும் ஒப்புதல் பெற்ற திட்டங்களையும் அங்கே வெளியிட வேண்டும் என்பது விதி.

சரி, நேர்வழியில் கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் மெதுவாக. நிறுவனங்கள் தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது சட்டம். பெரிய ஆலைகள் குறைந்த நம் மாவட்டத்துக்கு அது பாதகம்தான். ஆனாலும் ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சுழல்கின்றன. மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். இருக்கிறது. அங்கிருந்து தேடத் தொடங்கலாம். ஆண்டு விழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் கேட்காதீர்கள். ஒருநாள் நிகழ்ச்சிகள் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது.

அதே வகையான பணியில் மூன்றாண்டு அனுபவம் கேட்பார்கள். மாலை வகுப்பு அமைப்புக்கு அனுபவம் அதைவிட அதிகம், காகிதம்தான் இல்லை. பேரேட்டில் "டீச்சர் சம்பளம் 18,000" என்று ஒரே வரி. எந்த டீச்சர், எந்த மாதம், கையெழுத்து எங்கே? இனி சம்பளம் வங்கி வழியாகப் போகட்டும், பிள்ளைகளின் வருகைப் பதிவேடு தேதிவாரியாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். விண்ணப்பத்தையும் நிதியாண்டு முடியும் நேரத்தில் அனுப்பிப் பயனில்லை. நிறுவனம் அடுத்த ஆண்டுத் திட்டத்தை முடிவு செய்யும் முன்பே அது குழுவின் கையில் இருக்க வேண்டும்.